வெள்ளைப் பொடி எதையும் நம்பாத இசக்கியம்மாள் அவர்களுக்கு

தென்பாண்டிச் சீமையில் பிறந்து, தியாகராய நகர்த் துணிக்கடையில் தவழ்ந்து, மந்தைவெளி மூன்றாம் மாடியில் முப்பத்தோர் ஆண்டுகளாக மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் எங்களை முறைத்துக்கொண்டிருந்த முதன்மையே! தவிட்டில் மணலைக் கண்ட தணிக்கையே! கருவாட்டுத் தூளில் கடற்கரையையே கண்ட கூர்மையே! வாயில்லாப் பன்றிக்கு வாய்த்த வழக்கறிஞரே! வளர்மணி தாதுக் கலவை நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவியே! உரிமையாளர் முதல் ஓட்டுநர் வரை ஒருவர் பாக்கியின்றி ஐயுற்ற அம்மையே! திருமதி இசக்கியம்மாள் அவர்களே! தங்கள் ஊழியர்களாகிய எங்கள் வணக்கத்தை ஏற்றருள்க.

இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலை நாங்களே எழுதினோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எப்படியும் கேட்பீர்கள். மூன்றாண்டுக்கு முன் நம் கிடங்குப் பொறுப்பாளர் அப்துல் சமத் ஓய்வு பெற்றபோது, மயிலாப்பூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் மடலும் தயாராகவே கிடைக்கிறது, பெயரை மாற்றினால் போதும் என்று விற்பனைப் பிரிவு ஹரி அதையே வாங்கி வந்தார். "ஆயிரமாயிரம் மாணவர்க்கு அறிவுக் கண் திறந்தவரே!" என்று அவர் முழங்க, அரங்கமே கைதட்டியது. தாங்கள் மட்டும் எழுந்து, "சமத் பாய், நீங்க எந்த ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தீங்க?" என்று கேட்டீர்கள். பாய் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அதோடு விட்டீர்களா? "எனக்கு மடல் எழுதுனா வரிக்கு வரி ஆதாரம் கேப்பேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். ஆகையால் இம்முறை ஆதாரம் இல்லாத புகழ் எதையும் சேர்க்கவில்லை. ஹரி முதலில் "கருணைக் கடலே!" என்று எழுதியிருந்தார். கூடிப் பேசி அதை அடித்துவிட்டோம்.

ஒரு சொட்டு அமிலத்தால் உலகை அளந்தவரே!

தங்கள் கைப்பையில் குடையும் குங்குமமும் இருக்கிறதோ இல்லையோ, நீர்த்த அமிலம் நிறைந்த அந்தச் சிறு சொட்டுப் புட்டி எப்போதும் இருக்கும். வெள்ளையாக எந்தப் பொடி கண்ணில் பட்டாலும் ஒரு சொட்டு. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு. எலும்புக்கு உரம் என்று விலை போட்டு வந்த மூட்டைகள் எத்தனையோ தங்கள் மேசையில் நுரைத்துப் பொங்கி, வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. மார்கழியில் அலுவலக வாசலில் போட்ட கோலமும் தப்பவில்லை. ஆயுத பூஜைக்கு வந்த விபூதியில் தாங்கள் சொட்டு விட்டது எங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அது பொங்கியது அதைவிடப் பிடிக்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், "பன்றிதானே, எதைப் போட்டாலும் தின்னும், இதற்கு இவ்வளவு சோதனையா?" என்று கேட்பது வழக்கம். கேட்டவர் அன்று சீக்கிரம் வீடு போனதில்லை. "எதைப் போட்டாலும் தின்னும்னு நீயே சொல்லிட்டே. அப்போ எதைப் போடறோம்னு யாரு பார்க்கறது? ஆறே மாசத்துல எலும்பு, தோலு, சதை எல்லாம் அது வளர்த்தாகணும். தீவனத்துல ஒண்ணு குறைஞ்சா வாயைத் திறந்து சொல்லுமா?" என்று தொடங்கிவிடுவீர்கள். கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, செம்பு, நாம் ஜிங்க் என்று சொல்லும் துத்தநாகம் என்று ஒவ்வொன்றாக வரும். கேட்டவரின் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

இனி, ஆதாரம் கேட்டீர்களே, அதற்கு வருகிறோம். திருப்போரூர்ப் பக்கம் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் வெள்ளைத்துரை அவர்களின் கதைதான் அது. அவர் இன்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம். அனுமதி கேட்டபோது, "ஏன் கேக்கறீங்க? என்ன எழுதப் போறீங்க?" என்று அவர் எங்களையே மூன்று முறை விசாரித்தது வேறு விஷயம்.

போன ஆண்டு கோடையில் அவர் அடையாற்று வீட்டிலிருந்து நேராக மாடி ஏறி வந்தார். பண்ணையில் வளரும் பன்றிகளின் தோல் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, தீனி எடுக்கவில்லை, எடை ஏறவே இல்லை என்றார். கைபேசியில் படத்தைக் காட்டினார். காதிலும் காலிலும் மரப்பட்டை போலப் பொருக்கு. பார்த்த உடனேயே தாங்கள் சொன்னீர்கள், "ஜிங்க் பத்தலை." அந்த இரண்டு சொல்லில் ஒருவர் வேலை ஊசலாடத் தொடங்கியது.

ஏனென்றால் அவர் பண்ணைத் தீவனத்தில் சேரும் நம் கலவையில் ஜிங்க் நிறுத்துப் போடுகிறவர் ஒரே ஒருவர். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் நிஷா. ஜிங்க் வைத்திருக்கும் சிறிய அறைக்குள் போவதும் வருவதும் அவர் மட்டுமே. அன்று மதியமே பேச்சு கிளம்பியது. நிறுக்காமலே விட்டிருப்பார் என்றார் ஒருவர். வெளியே யாருக்கோ கொடுத்திருப்பார் என்றார் இன்னொருவர். நம் உரிமையாளர் விஜயராகவன் அவர்களும், "நான் யாரையும் சொல்லலை. ஆனா அந்த ரூமுக்குப் போயிண்டு வர்றது ஒருத்தர்தானே?" என்று சொல்லி, யாரையும் சொல்லாமலே சொல்லிவிட்டார்.

"மேடம், நான் இன்னா பண்ணேன்?" என்று நிஷா தங்களிடம்தான் வந்தார். "தட்டுல வெக்கறேன், நிறுக்கறேன், கொட்டறேன். தெனமும் அதத்தான் பண்ணிக்கினு கீறேன். என்னைப் பாத்தா திருடற மூஞ்சியாவா கீது?"

தாங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. உரிமையாளர் அறைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னீர்கள். "சார், நிஷா மேல எனக்கும் சந்தேகம் இருக்கு. தராசு மேலயும் இருக்கு. சாக்கு மேல, வெள்ளைத்துரை மேல, உங்க மேல, என் மேலயும் இருக்கு. எல்லாத்தையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு வேலையில இருக்கணும். இவளை மட்டும் நிறுத்தறதுன்னா, மத்தவங்களைப் பார்க்க மாட்டோம்னு அர்த்தம்."

கணவரை இழந்த நிஷாவின் வீட்டில் வேறு சம்பளம் இல்லை. அது எங்களுக்குத் தெரியும், உரிமையாளருக்கும் தெரியும். தாங்கள் அதை ஒரு வார்த்தை கூடச் சொல்லி வாதாடவில்லை.

அந்தக் கலவையில் எடுத்துவைத்திருந்த மாதிரியை அன்றே சோதித்தீர்கள். ஜிங்க் சரியாக இருந்தது. "மாதிரி சரியா இருக்கும், மூட்டை சரியா இருக்கணுமே?" என்று உரிமையாளர் கேட்டார். இப்படிக் கேட்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே தாங்கள்தான். ஆகவே மறுநாள் பண்ணைக்கே புறப்பட்டீர்கள். உரிமையாளர் முன்னால், தாங்களும் நிஷாவும் பின்னால், ஹரி வண்டி ஓட்டினார். யார் மீது சந்தேகமோ அவர் முன்னிலையில்தான் சோதனை நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிஷாவை அழைத்துப் போனீர்கள். திருப்போரூர் வரைக்கும் வண்டிக்குள் யாரும் பேசவில்லை என்று ஹரி சொல்கிறார். ஹரி பேசாமல் இருந்தார் என்பதை மட்டும் நாங்கள் நம்பவில்லை.

வெள்ளைத்துரை வெள்ளை வேட்டியில் வாசலிலேயே நின்றார். "வாங்க. உங்க மாவைத் தின்னுதான் எல்லாம் இந்தக் கதிக்கு வந்துட்டு" என்றவர், தங்கள் பேச்சில் தென்பக்கத்து வாடையைக் கண்டுகொண்டு குரலைத் தாழ்த்தினார். "தாயி, நீங்களும் நம்ம பக்கம்தானா? அப்ப நான் சொன்னா நம்பணும். நான் பொய் சொல்லுவனா?"

"நம்ம பக்கத்து ஆளுங்க எங்க அப்பா கடைக்குத் துணி எடுக்க வருவாங்க அண்ணாச்சி. அதனாலதான் நம்பறதுக்கு யோசிக்கேன்" என்றீர்கள். அண்ணாச்சியின் முகம் போன போக்கை ஹரி இன்றும் நடித்துக் காட்டுவார்.

மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துப் பையில் கட்டினீர்கள். இம்முறை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதால் அதன் முடிவு வர இரண்டு நாள் ஆகும். பிறகு, யாரும் பார்க்க நினைக்காத இடத்துக்குப் போனீர்கள். பன்றிகள் தின்று மிச்சம் வைத்த தொட்டி. புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, ஈரத் தீவனத்தின் மேல் ஒரு சொட்டு விட்டீர்கள். நம் கலவையிலும் கால்சியம் உண்டு என்பதால் லேசாக நுரைப்பது வழக்கம். அது கோலி சோடா போலப் பொங்கியது. விரலால் துழாவினீர்கள். நொறுங்கிய கிளிஞ்சல் துணுக்குகள்.

நல்லது நடக்கும் என்று நினைத்த நேரத்தில்தான் நிலைமை மோசமானது. விஜயராகவன் அவர்கள் அந்தத் துணுக்கைப் பார்த்தார், பிறகு நிஷாவைப் பார்த்தார். "கிளிஞ்சல்னா... குப்பத்துப் பக்கந்தானே கிடைக்கும்?" என்றார்.

நிஷா நேராக அவர் முன்னால் வந்து நின்றார். "எங்க கரையில கீது சார், இல்லன்னு சொல்லல. அதுக்கோசரம் நான் மூட்டை கட்டிக்கினு பஸ்ஸு ஏறி இங்க வந்து பன்னிக்குக் கொட்டினேனா? ஜிங்க எடுத்துட்டு கிளிஞ்சல வெச்சேன்னு சொல்றீங்களா? எனக்கு இந்த வேலையே வாணாம் சார்."

தாங்கள் வரிசையாக ஒவ்வொரு கொட்டிலாகப் போய்த் தொட்டிக்குத் தொட்டி சொட்டு விட்டுக்கொண்டே நடந்தீர்கள். எல்லாம் பொங்கின. எல்லாவற்றிலும் பொருக்குத் தட்டிய பன்றிகள். கடைசிக் கொட்டிலுக்குப் போக வழி சரியில்லை. முன்னால் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் போட்டு அடைத்திருந்தார்கள். பின்பக்கமாகச் சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும். தாங்கள் இறங்கினீர்கள். அந்தக் கொட்டிலில் பன்றிகள் தோல் மின்ன, கொழுகொழுவென்று தீனிக்கு முண்டிக்கொண்டிருந்தன. அங்கே சொட்டு விட்டபோது லேசாகத்தான் நுரைத்தது.

"ஒரே மூட்டையிலேர்ந்துதான் எல்லாக் கொட்டிலுக்கும் தீவனம் போவுதா?" என்று அங்கிருந்த வேலையாட்களைக் கேட்டீர்கள். ஆமாம் என்றார்கள். "அப்போ மூட்டையில தப்பு இல்ல. மூட்டையைப் பிரிச்ச பிறகுதான் யாரோ கை வெச்சிருக்காங்க. சேத்துல இறங்காத ஆளு யாரு இங்க?"

 எல்லோர் கண்ணும் ஒரு வேட்டியின் மேல் போய் நின்றது. அந்தப் பண்ணையில் அழுக்குப் படாத துணி அது ஒன்றுதான். தாங்கள் வேட்டியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரை நோக்கி நடந்தீர்கள். கால் வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் பொடி சிந்திக் கிடந்தது. ஒரு சொட்டு. பொங்கி, ஓரத்தில் வழிந்து, தரையில் விழுந்தது.

"அது கோலப்பொடி தாயி. வீட்டுல வாங்கியாரச் சொன்னா" என்றார் அண்ணாச்சி.

"சரி. எந்தக் கொட்டில் வாசல்ல கோலம் போட்டீங்க?"

இதற்குப் பிறகு அவர் ஒளிக்கவில்லை. சொன்னதை அவர் சொன்னபடியே இங்கே பதிகிறோம். "நீங்க கால்சியத்தைக் குறைச்சுப் போடறீங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனா கம்பெனிக்காரன் மலிவான சாமானத்துலயும் கை வெப்பான். என் சம்சாரத்துக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை குடுத்தாரு, முட்டி வலி ஓடியே போச்சு. வளர்ற உருப்படிக்கு எலும்புதானே முக்கியம்? அதான் காலையில வரும்போது கிளிஞ்சல் தூளைக் கொண்டாந்து தொட்டிக்கு ரெண்டு கை போட்டேன். உங்ககிட்டச் சொன்னா, என் யோசனையைப் பாக்கெட்டுல போட்டு உங்க பேருல வித்துருவீங்கன்னுதான் சொல்லல."

தாங்கள் அப்போது அவருக்குச் சொன்ன விளக்கத்தை இன்று எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். கால்சியம் அளவோடு இருந்தால் எலும்பு. அளவு மீறினால், தவிட்டிலும் சோயாப் புண்ணாக்கிலும் உள்ள ஒரு சத்தோடு சேர்ந்து ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜிங்க் வயிற்றுக்குள் போகும், ஆனால் உடம்பில் சேராது. தோல் பொருக்குத் தட்டும், வளர்ச்சி நிற்கும். பன்றிக்கு நாம் ஜிங்க் கொடுத்தோம், அண்ணாச்சி ஆசையாகக் கொடுத்த கிளிஞ்சல் அதைப் பறித்துவிட்டது. அவர் நம்மைச் சந்தேகித்தார், நாம் நிஷாவைச் சந்தேகித்தோம், நடுவில் பன்றி இளைத்தது.

கிளிஞ்சலை நிறுத்தி, சில நாள் ஜிங்கைக் கூட்டிக் கொடுத்ததும் பொருக்கு உதிரத் தொடங்கியது. மூட்டை மாதிரிகளின் முடிவும் வந்தது. நிஷா நிறுத்ததில் குறை ஏதும் இல்லை. எங்கள் சந்தேகம் ஆளைப் பார்த்தது. தங்கள் சந்தேகம் தொட்டியைப் பார்த்தது. இந்த வரிக்கு ஆதாரம் அண்ணாச்சியின் ஸ்கூட்டர். அதில் அமிலம் பட்ட இடம் இன்னும் வெளுத்திருக்கிறது, கீழே நிற்கிறது, போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஐயத்தைப் பொதுவுடைமை ஆக்கியவரே!

அதன்பின் தாங்கள் ஒரு விதி செய்தீர்கள். யார் எதை நிறுத்தாலும் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ரெண்டாம் கண்ணு" என்று பெயர் வைத்தோம். முதலில் முணுமுணுத்தோம். தங்கள் நிறுவையையே எங்களில் கடைசியாகச் சேர்ந்தவர் வந்து பார்க்கும்படி நின்றீர்கள், முணுமுணுப்பு அடங்கியது.

ஆனால் ஒன்று மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கலவரத்தின்போது ஜிங்க் அறைச் சாவியை உரிமையாளர் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்ற அறைகளின் சாவிகளெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கின. நிஷா மட்டும் தினமும் காலையில் உரிமையாளர் அறை வாசலில் நின்று சாவி கேட்டு வாங்க வேண்டும், மாலையில் கையில் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று முடிவான பிறகும் ஓராண்டாக அந்த வாசலில் நின்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை, நிஷாவும் சொல்லவில்லை.

தங்கள் ஓய்வு நெருங்கியபோது, இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டது எங்களுக்குத் தெரியும். தாங்கள் மறுத்ததும் தெரியும். ஏன் மறுத்தீர்கள் என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் சந்தேகித்தோம். வேறு நிறுவனம் என்றார் ஒருவர், மகளோடு வெளிநாடு என்றார் ஒருவர். உண்மையில் தாங்கள் போன பிறகு என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பயம். இரண்டாம் கண் போய்விடும், மறுபடி எல்லாக் கண்ணும் ஒரே ஆள் மேல் விழும் என்று பயந்தோம். அந்த ஆள் யார் என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நேற்றுக் காலைதான் விஷயம் விளங்கியது. அதற்கு முந்தின நாள், நினைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதற்கு, "நாளைக்கு ஜிங்க் கலவையை நீங்களே ஒரு தடவை நிறுங்க சார். நிஷா ரெண்டாம் கண்ணா நிக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம்" என்றிருக்கிறீர்கள்.

விஜயராகவன் அவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். தட்டை வைத்தார், ஜிங்கைப் போட்டார், எடையைப் பார்த்தார், "சரியா இருக்கு" என்றார். நிஷா தராசைப் பார்த்தார். தங்களைப் பார்த்தார். தாங்கள் சன்னல் வழியே மந்தைவெளிப் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சார், தட்டோட எடைய கழிக்கல. சைபர் பண்ணாமயே போட்டுட்டீங்க. ஜிங்க் கம்மியா கீது. கொட்டிட்டு மறுபடி வைங்க" என்றார் நிஷா.

 உரிமையாளர் முகம் சிவந்தது. பிறகு கொட்டினார். தட்டை வைத்துச் சைபர் செய்தார். மறுபடி நிறுத்தார். "இப்போ பாருங்கோ, சரியா இருக்கா?" என்று நிஷாவைக் கேட்டார். ஓராண்டில் அவர் நிஷாவைப் 'பாருங்கோ' என்று சொன்னது அதுவே முதல் தடவை. நிஷா எடையை வாய்விட்டுச் சொன்னார். உரிமையாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சுவரில் வெறுமையாக இருந்த ஆணியில் தம் கையாலேயே மாட்டினார். தாங்கள் இல்லாமலும் இரண்டாம் கண் நிற்கும் என்று காட்டத்தான் தாங்கள் இருக்க மறுத்தீர்கள்.

ஆகவே அச்சுக்குப் போகும் முன் மடலில் ஒரு திருத்தம் செய்தோம். அடித்துவிட்ட "கருணை" என்ற சொல்லைத் திரும்பச் சேர்த்திருக்கிறோம். அதற்கு ஆதாரம் ஆணியில் தொங்குகிறது. "கடல்" என்பதை மட்டும் சேர்க்கவில்லை, அதற்கு இன்னும் சோதனை பாக்கி இருக்கிறது.

கருணையே! கண்டிப்பே! எங்கள் கண்களுக்கு வேலை கொடுத்த கண்ணியமே!

தங்கள் எலும்புக்குக் கால்சியம் அளவோடு சேர்க! தங்கள் தோலுக்கு ஜிங்க் தடையின்றிச் சேர்க! அடையாற்றங்கரைக் காற்றும், அளவான உப்பும், ஆழ்ந்த உறக்கமும் வாய்த்து, பேரன் பேத்திகளையும் அவர்கள் காட்டும் மதிப்பெண் அட்டைகளையும் ஐயுற்று ஆராய்ந்து, நூறாண்டு கடந்தும் நோயின்றி வாழ்க! இங்கே பரிமாறப்படும் தயிர்சாதத்தை மட்டும் நம்பிச் சாப்பிடுக, அதை நாங்களே ருசி பார்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
தங்களால் சந்தேகிக்கப்பட்டு, தங்களால் காக்கப்பட்ட
வளர்மணி தாதுக் கலவை நிறுவன ஊழியர்கள்,
மந்தைவெளி, சென்னை.

எழுதியவர்: ஹரி
கலவை நிறுத்தவர்: விஜயராகவன்
இரண்டாம் கண்ணாக நின்று பார்த்தவர்: நிஷா